இருபது வருட உழைப்பு, பதினான்கு நாள் சின்னம்: பெங்களூரில் ஒரு மூன்றாவது வேட்பாளரின் கதை

2023 கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலில் பெங்களூரு ஜெயநகர் தொகுதியில் மறு எண்ணிக்கைக்குப் பிறகு வென்றவருக்கும் தோற்றவருக்கும் நடுவே இருந்தது 16 ஓட்டு. 2004இல் இதே மாநிலத்தின் சந்தேமரஹள்ளி தொகுதி ஒரே ஒரு ஓட்டில் முடிந்தது. இப்படி ஒரு முடிவு வந்தால் உடனே எழும் கேள்வி: ‘ஜெயிக்கவே முடியாது என்று தெரிந்தும் அந்த மற்றவர்கள் எதற்கு நின்றார்கள்?’ பெங்களூரின் ஸ்ரீராமபுரத்து டீக்கடையிலும் அல்சூர் மார்க்கெட்டிலும் தமிழர்கள் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஓட்டைப் பிரிக்க வந்தவர், டம்மி, யாரோ இறக்கிவிட்ட ஆள் என்று மூன்று பெயர்களும் தயாராக இருக்கின்றன.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, ஒரு மூன்றாவது வேட்பாளரின் வாழ்க்கையை முதலிலிருந்து பார்ப்பதுதான் சுலபமான வழி. இங்கே வரும் வேட்பாளர் கற்பனை. அவருடைய கட்சியும் ஓட்டு எண்ணிக்கையும்கூட கற்பனைதான். அவரைச் சுற்றியுள்ள சட்டம், ஊர், தேதிகள் எல்லாம் உண்மை. அவர் வீதியில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

‘மூன்றாவது’ என்றால் என்ன?

கர்நாடகத்தில் காங்கிரஸ், பாஜக, மதச்சார்பற்ற ஜனதா தளம் என்று ஏற்கெனவே மூன்று பெரிய கட்சிகள் உண்டு. ஆகவே அக்கா கணக்குப்படி நான்காவதோ ஐந்தாவதோதான். ஆனால் சட்டம் வேட்பாளர்களை இடத்தை வைத்துப் பிரிப்பதில்லை. கட்சியின் தகுதியை வைத்துப் பிரிக்கிறது:

1. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர். தேசியக் கட்சி, மாநிலக் கட்சி இரண்டும் இதில் அடக்கம். இவர்களுக்கு நிரந்தரச் சின்னம் உண்டு.
2. பதிவு செய்யப்பட்ட, ஆனால் அங்கீகாரம் இல்லாத கட்சியின் வேட்பாளர். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவின் கீழ் பதிவு செய்தால் போதும். வாக்காளர்களாக உள்ள 100 உறுப்பினர்களைக் காட்ட வேண்டும். நாட்டின் பெரும்பாலான கட்சிகள் இந்த வகைதான்.
3. சுயேச்சை.

அக்கா இரண்டாவது வகை. ‘கட்சி’ என்ற சொல் முதல் வகைக்கும் இரண்டாவது வகைக்கும் பொதுவாக இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம். நடைமுறையில் இரண்டாவது வகை வேட்பாளர் சுயேச்சைக்குத்தான் பக்கத்தில் நிற்கிறார். பதிவு செய்த கட்சி தேர்தலில் நிற்காமலே இருக்கவும் முடியாது. ஆறு ஆண்டுகளாக எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை என்று 2025 ஆகஸ்டில் 334 கட்சிகளைத் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. ‘ஏன் நிற்கிறார்கள்’ என்ற கேள்விக்கு இது ஒரு சின்ன விடை. பெரிய விடை அக்காவின் கதையில் இருக்கிறது.

தங்கவயலிலிருந்து வந்தவர்

அக்கா 1974இல் கோலார் தங்கவயலில் பிறந்தவர். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தார். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. வீடு தொழிலாளர் லைனில்.

அந்த ஊரை இங்கே சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. சின்னக் கட்சி ஜெயிக்காது என்று சொல்பவர்கள் தங்கவயலின் பழைய முடிவுகளைப் பார்க்க வேண்டும். 1983, 1989, 1999 தேர்தல்களில் அங்கே அதிமுக வென்றது. 1985இல் மார்க்சிஸ்ட் கட்சி. 1994, 2004இல் இந்தியக் குடியரசுக் கட்சி. கர்நாடகத்தின் பெரிய கட்சிகள் எதுவுமே இல்லாத ஒரு பட்டியல் இது. காரணம், சுரங்கம் என்ற ஒரே வேலையிடம், நெருக்கமான லைன் வீடுகள், சங்கம், அம்பேத்கரிய மரபு எல்லாம் ஒரே தொகுதிக்குள் குவிந்து கிடந்தன. ஓட்டு சிதறாமல் ஓரிடத்தில் குவிந்தால் சின்னக் கட்சியும் வெல்லும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாரிகுப்பத்தில் விடிவதற்கு முன்பே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கின. நம் அக்காவும் அந்த ரயிலில்தான். ஒரு வருடம் தினமும் போய் வந்தார். அப்புறம் நகரத்திலேயே ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, ஒரு கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தார்.

அரசியலுக்கு அவர் வந்த வழி மேடை வழியாக அல்ல. பக்கத்து மெஷினில் இருந்த பெண்ணுக்குப் பிஎஃப் பணம் எடுக்கப் படிவம் நிரப்பித் தந்ததில் ஆரம்பித்தது. அப்புறம் ரேஷன் கார்டு, விதவை உதவித்தொகை, பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது. 2016 ஏப்ரலில் பிஎஃப் பணத்தை 58 வயதுக்கு முன் முழுவதுமாக எடுக்க முடியாது என்ற புதிய விதியை எதிர்த்து பெங்களூரின் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். எந்தப் பெரிய கட்சியும் அவர்களைக் கூட்டிவரவில்லை. இரண்டே நாளில் மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. அக்கா அந்தக் கூட்டத்தில் ஒருவர். சட்டமன்றத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் அவருக்கு வந்தது.

பெங்களூரில் தமிழ் வேட்பாளராக இருப்பதன் பாரத்தையும் சொல்ல வேண்டும். 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தை இங்குள்ள தமிழர்கள் மறக்கவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் வைத்த திருவள்ளுவர் சிலை 1991இலிருந்து 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. இந்த நினைவோடுதான் அக்கா கன்னடத்தில் துண்டறிக்கை அடித்து, வீடுகளில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று எந்த மொழி வருகிறதோ அதில் பேசுகிறார். ‘தமிழ் ஓட்டு’ என்று ஒரு மூட்டை எங்கும் கட்டி வைக்கப்படவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தங்கவயலில் ஒரு காலத்தில் குவிந்திருந்தது இங்கே பல தொகுதிகளில் சிதறிக் கிடக்கிறது.

தாத்தா 1950இல் எங்கே இருந்தார்?

அக்கா நிற்க நினைத்தது நகரின் ஒரு தனித் தொகுதி, அதாவது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. அங்கே முதல் தடை சாதிச் சான்றிதழ்.

பட்டியல் சாதி என்ற தகுதி மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. ஒரு சாதியின் பெயர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும், தமிழ்நாட்டுச் சான்றிதழ் கர்நாடகத்தில் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. 1990, 1994 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இதை உறுதி செய்தன. அளவுகோல், 1950இல் பட்டியல் சாதிகளை அறிவிக்கும் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தபோது குடும்பம் எங்கே நிலையாகக் குடியிருந்தது என்பதுதான். அக்காவின் தாத்தா அப்போது தங்கவயலில் இருந்தார். ஆதி திராவிடர் என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் உண்டு. அதனால் அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது.

அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் 1985இல் விழுப்புரம் பக்கமிருந்து வந்தவர். அதே சாதி, அதே வீதி, வீட்டில் பேசுவதும் அதே தமிழ். அவரால் இந்தத் தொகுதியில் நிற்க முடியாது. மக்களவையின் தனித் தொகுதியில் மட்டும் நிற்கலாம், ஏனென்றால் அங்கே எந்த மாநிலத்தின் பட்டியல் சாதியாக இருந்தாலும் ஏற்கலாம் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. நாற்பது வருடம் ஒரு நகரத்தின் சாக்கடையையும் கட்டடத்தையும் சுமந்தவர், அந்த நகரத்தின் தனித் தொகுதியில் மனு போட முடியாமல் இருப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

மனு: பத்துப் பேர், ஐயாயிரம் ரூபாய்

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். மற்ற எல்லோருக்கும் பத்துப் பேர் வேண்டும்; பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். அக்காவுக்கு நூறு பேர் கையெழுத்துப் போடத் தயார். ஆனால் அதில் பலருக்கு ஓட்டு இன்னும் தங்கவயலிலோ ஆம்பூரிலோ இருக்கிறது. வாடகை வீடு மாறியவர்கள் பெயர் பக்கத்துத் தொகுதியில் இருக்கிறது. பத்துப் பேரைச் சரிபார்க்கவே நான்கு நாள் ஆனது.

வைப்புத்தொகை சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்குப் பாதி. மக்களவைக்கு 25,000.

இந்த இரண்டு விதிகளுக்கும் பின்னால் ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். பெரும்பாலானவர்கள் கோரிக்கையைக் கவனிக்க வைப்பதற்காக மனு போட்ட விவசாயிகள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் கர்நாடகத்தின் பெலகாவியில் 456 பேர், ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேர். அப்போது சட்டமன்ற வைப்புத்தொகை 250 ரூபாய்தான். அந்த ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தி, தொகையை 5,000 ஆக்கினார்கள். பத்து முன்மொழிபவர்களும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். இன்றைய தொகை 2010இலிருந்து.

சின்னம்: எல்லாவற்றையும் தீர்மானிக்கும் படம்

கட்டுரையின் மையம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

2023 தேர்தலின் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 13 அறிவிக்கை. 20 மனு செய்யக் கடைசி நாள். 21 பரிசீலனை. 24 திரும்பப் பெறக் கடைசி நாள். மே 10 வாக்குப்பதிவு. முடிவதற்கு 48 மணி நேரம் முன்பே பிரச்சாரம் நின்றுவிட வேண்டும், அதாவது மே 8 மாலை.

அங்கீகாரம் இல்லாத வேட்பாளருக்குச் சின்னம் எது என்பது, திரும்பப் பெறும் நேரம் முடிந்த பிறகுதான் தெரியும். ஆக ஏப்ரல் 24 மாலையிலிருந்து மே 8 மாலை வரை அவருக்கு இருப்பது 14 நாள். எதிரில் இருக்கும் கையும் தாமரையும் பல பத்தாண்டுகளாகச் சுவரிலும் கொடியிலும் கல்யாண வீட்டு பேனரிலும் இருக்கின்றன.

அக்கா மனுவில் மூன்று சின்னங்களை வரிசைப்படுத்திக் கேட்டார். முதலில் தையல் மெஷின். அவர் யார் என்பதை ஒரே படத்தில் சொல்லும் சின்னம் அது. பதிவு பெற்ற கட்சிக்காரருக்குச் சுயேச்சையைவிட முன்னுரிமை உண்டு. ஆனால் இன்னொரு பதிவு பெற்ற கட்சியின் வேட்பாளரும் அதையே கேட்டிருந்தார். குலுக்கல். போய்விட்டது. இரண்டாவதும் போனது. கிடைத்தது டிவி பெட்டி. ‘டிவிக்கு ஓட்டுப் போடுங்கள்’ என்று கேட்டால், ‘டிவி தரப்போறீங்களா அக்கா’ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இருபது வருட உழைப்பை ஒரு டிவி பெட்டியோடு சேர்த்து மக்கள் மனதில் பதிக்க அவருக்கு இருப்பது இரண்டு வாரம்.

பொதுச் சின்னம் வாங்க ஒரு வழி உண்டு. 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின்படி, மாநிலத்தின் மொத்தத் தொகுதிகளில் 5 சதவீதத்திலாவது நின்றால் கட்சிக்கு ஒரே சின்னம் கேட்கலாம். கர்நாடகத்தின் 224 தொகுதிகளில் அது குறைந்தது 12. அக்காவின் கட்சிக்கு நான்கு இடத்தில்தான் ஆள் இருந்தது. நிற்கும் தகுதியுள்ள 12 பேரைச் சேர்த்தாலும் சின்னம் கையில் நிலைக்கும் என்ற உறுதி இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சிக்குக் கரும்பு விவசாயி சின்னம் கிடைக்காமல் போனது. முந்திக் கேட்ட வேறொரு கட்சிக்கு அது போயிருந்தது. மைக் சின்னத்தில் நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியதால்தான் அந்தக் கட்சிக்கு அங்கீகாரம் வந்தது. விடுதலைச் சிறுத்தைகள் அதே தேர்தலில் பானை சின்னத்தில் இரண்டு தொகுதிகளை வென்று அங்கீகாரம் பெற்றது.

அங்கீகாரத்துக்கான வழிகளில் முக்கியமானவை:

1. சட்டமன்றத் தேர்தலில் 6 சதவீத ஓட்டும் 2 இடங்களும்.
2. மொத்த இடங்களில் 3 சதவீதம் அல்லது 3 இடங்கள், இதில் எது அதிகமோ அது.
3. இடமே வெல்லாவிட்டாலும் மாநிலத்தில் 8 சதவீத ஓட்டு.

இங்கே ஒரு சுழல் இருப்பதைக் கவனியுங்கள். நிலையான சின்னம் வேண்டுமென்றால் ஓட்டு வேண்டும். ஓட்டு வேண்டுமென்றால் மக்களுக்குத் தெரிந்த சின்னம் வேண்டும். ஏற்கெனவே ஊரறிந்த முகம் இருந்தால் இந்தச் சுழலைத் தாண்டலாம், 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் குக்கர் சின்னத்தில் டி.டி.வி. தினகரன் வென்றது அப்படித்தான். நான்கு வீதிக்கு மட்டும் தெரிந்த முகத்துக்கு அது நடப்பதில்லை.

வாக்கு இயந்திரத்திலும் வரிசை உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். அதே பெயர் கொண்ட இன்னொருவர் நிற்பது வேறொரு தொல்லை. 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே பெயரில் இன்னும் பலர் நின்றார்கள். 2015இலிருந்து இயந்திரத்தில் வேட்பாளரின் படம் அச்சிடப்படுவது இதற்காகத்தான்.

பணமும் பூத்தும்

பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். இந்த வரம்பு வேட்பாளருக்குத்தான். கட்சி செய்யும் பொதுச் செலவுக்கு வரம்பே இல்லை. அக்காவின் மொத்தச் செலவு மூன்று லட்சத்தைத் தாண்டவில்லை. வரம்பு அவரைத் தொடவே இல்லை.

பணத்தைவிடப் பெரிய குறை ஆள். ஒரு தொகுதியில் இருநூறுக்கும் மேல் வாக்குச்சாவடிகள். ஒவ்வொன்றிலும் காலையில் மாதிரி வாக்குப்பதிவு தொடங்கும்போதே பூத் ஏஜென்ட் உட்கார வேண்டும். பதிவான மொத்த ஓட்டுக் கணக்கான 17சி படிவத்தின் நகல் சாவடியில் இருக்கும் ஏஜென்டுகளுக்குத்தான் தரப்படும். அக்காவுக்கு ஏஜென்ட் கிடைத்தது 31 சாவடிகளில். மற்ற இடங்களில் என்ன நடந்தது என்பதை அவர் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடியும். புதன்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போய்விடுமோ என்று பயந்த பெண்களை ஏஜென்டாக உட்கார வைப்பது எவ்வளவு கடினம் என்பது, அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதை ஒவ்வொருவருக்கும் எடுத்துச்சொல்லவே அக்காவுக்கு நேரம் போதவில்லை.

ஓட்டைப் பிரித்தாரா?

இப்போது டீக்கடைக் கேள்விக்கு வருவோம். அக்காவின் தொகுதியில் செல்லுபடியான ஓட்டு 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். வென்றவர் 52,000. இரண்டாமவர் 51,200. ஜனதா தளம் 9,000. அக்கா 3,100. மீதி 4,700 மற்றவர்களுக்கு.

வித்தியாசம் 800; அக்கா வாங்கியது 3,100. ‘இவர் நிற்காவிட்டால் இரண்டாமவர் ஜெயித்திருப்பார்’ என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். கணக்கு அப்படி இல்லை. படிப்படியாகப் பாருங்கள்:

1. அக்கா நிற்காவிட்டால் அந்த 3,100 பேரும் சாவடிக்கு வந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பாதிப் பேர் வந்திருப்பார்கள் என்றால் 1,550.
2. அந்த 1,550இல் இரண்டாமவருக்குப் போவது, வென்றவருக்குப் போவதைவிட 800க்கு மேல் அதிகமாக இருக்க வேண்டும்.
3. அதற்குக் குறைந்தது 1,176 பேர் இரண்டாமவர் பக்கம் போக வேண்டும். அதாவது நாலில் மூன்று பங்கு.

கார்மெண்ட்ஸ் பெண்களின் வீட்டில் ஒருவர் கை, ஒருவர் தாமரை என்று இருப்பது சாதாரணம். நாலில் மூன்று பேர் ஒரே பக்கம் சாய்வார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும், வித்தியாசத்தைக் காட்டினால் மட்டும் போதாது. ஜெயநகர் மாதிரி 16 ஓட்டில் முடியும் தொகுதியில் எந்தச் சின்ன வேட்பாளரும் முடிவை மாற்றியிருக்கலாம்தான். ஆனால் எந்தப் பக்கம் மாற்றியிருப்பார் என்பதை எண்ணிக்கைத் தாள் சொல்லாது. அந்த ஓட்டு இரண்டாமவருடைய சொத்து, அதை அக்கா எடுத்துவிட்டார் என்று பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வைப்புத்தொகையும் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் பணம் திரும்பும். நம் கணக்கில் 20,000க்கு மேல் வேண்டும். 9,000 வாங்கிய ஜனதா தள வேட்பாளருக்கும் டெபாசிட் போகும். ‘டெபாசிட் போச்சு’ என்பதால் மக்கள் அவரை வேண்டாம் என்று தள்ளிவிட்டதாக ஆகாது. இருவர் மட்டுமே ஓட்டை அள்ளும் தொகுதியில் மூன்றாவது இடம் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும்.

இதற்கு அடியில் இருப்பது, அதிக ஓட்டு வாங்கியவரே வென்றவர் என்ற நம் முறை. பிரெஞ்சு அரசியல் அறிஞர் மோரிஸ் துவெர்ஜே விளக்கியது இதைத்தான்: இந்த முறை வாக்காளரை இரண்டு பெரிய கட்சிகளை நோக்கித் தள்ளும், ஏனென்றால் ஓட்டு வீணாகிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். 2023இல் காங்கிரஸ் சுமார் 43 சதவீத ஓட்டில் 135 இடம் பெற்றது. பாஜக 36 சதவீதத்தில் 66. ஜனதா தளம் 13 சதவீதத்தில் 19. அந்த மூன்றுக்கும் வெளியே வென்றவர்கள் நான்கே பேர்: இரண்டு சுயேச்சைகள், சர்வோதய கர்நாடகக் கட்சியின் ஒருவர், கல்யாண ராஜ்ய பிரகதிக் கட்சியின் ஜனார்த்தன ரெட்டி. சர்வோதயக் கட்சிக்குப் பின்னால் மண்டியாவின் விவசாய இயக்கமும் காங்கிரஸின் ஆதரவும் இருந்தன. ரெட்டி முன்னாள் அமைச்சர், சுரங்கத் தொழிலதிபர். தங்கவயலில் பார்த்ததுபோல, ஒரே இடத்தில் குவிந்த பலம் இருந்தால்தான் இந்த முறை சின்னக் கட்சிக்குக் கதவைத் திறக்கிறது.

நான்கு வீதியில் குவிந்த பலத்துக்குப் பொருத்தமான இடம் சட்டமன்றம் அல்ல, மாநகராட்சி வார்டு. அக்காவின் 3,100 ஓட்டும் ஒரே வார்டில் விழுந்திருந்தால் கதை வேறு. ஆனால் பெங்களூரு மாநகராட்சிக்கு 2015இல் தேர்தல் நடந்து, அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன் பின் 2023 சட்டமன்றத் தேர்தல் வந்துபோன பிறகும் வார்டுத் தேர்தல் வரவில்லை. ஏறவேண்டிய முதல் படி இல்லாத ஊரில் ஏன் நேராக மேல்படிக்குத் தாவினாய் என்று அவரைக் கேட்பது சரியல்ல.

முப்பது நாள்

மே 13 முடிவு. அத்தோடு முடியவில்லை. முடிவு வந்த 30 நாளுக்குள் தேர்தல் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். தக்க காரணமில்லாமல் கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு வரை எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாது. தோற்ற சின்ன வேட்பாளர்கள் பலர் விழுவது இந்த இடத்தில்தான். பெரிய கட்சிக்குக் கணக்கர் இருப்பார். இவர்களுக்கு இருப்பது ஒரு நோட்டு.

அக்காவின் நோட்டில் சிக்கலான வரி டீ. வீதிமுனைக் கடைக்காரர் பிரச்சாரத்துக்கு வந்தவர்களுக்குப் பல நாள் காசு வாங்காமல் டீ கொடுத்தார். இலவசமாக வந்தாலும் அது செலவுதான். மாவட்டத் தேர்தல் அதிகாரி நிர்ணயித்த விலைப் பட்டியலின்படி மதிப்புப் போட்டு, யார் கொடுத்தது என்றும் எழுத வேண்டும். கடைக்காரர் எண்ணி வைக்கவில்லை. அக்கா ஒவ்வொரு நாளும் யார் யார் வந்தார்கள் என்று பெண்களைக் கேட்டுக் கேட்டு, பதினான்கு நாளுக்கும் டீ எண்ணிக்கையை எழுதி, ஜூன் முதல் வாரத்திலேயே கணக்கைக் கொடுத்து, ஒப்புதல் ரசீதை வாங்கி வைத்துக்கொண்டார்.